ஒரு குவார்ட்டரின் கணக்கு: குடியைக் குறைக்க உள்ள வழிகள்

தமிழ்நாட்டில் குடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு இரண்டு இடங்களில் போய் நின்றுவிடுகிறது. ஒன்று, கடையை மூடு என்ற கோரிக்கை. மற்றது, குடிநோயாளி ஆகிவிட்டவரை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற கேள்வி. இரண்டும் தேவையான பேச்சுதான். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே பெருங்கூட்டம் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை கூலி வாங்கியதும் கடைப்பக்கம் போகிறவர், மாதம் பிறந்ததும் நண்பர்களோடு பாரில் உட்காருகிறவர், காதுகுத்துக்கும் சாவுக்கும் மட்டும் குடிப்பதாகச் சொல்லிக்கொண்டே மாதத்தில் ஆறேழு முறை குடிக்கிறவர். இவர்களை யாரும் நோயாளி என்பதில்லை, அவர்களும் தங்களை அப்படி நினைப்பதில்லை. குறைக்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு உள்ளுக்குள் இருக்கிறது. எப்படிக் குறைப்பது என்று சொல்லித்தர ஆள் இல்லை. நிறுத்து என்று சொல்ல ஊரே இருக்கிறது.

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸின் போதை சிகிச்சை மையம் நாடெங்கும் ஆய்வு நடத்தி 2019இல் அறிக்கை வெளியிட்டது. 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களில் 14.6 சதவீதம் பேர், அதாவது சுமார் 16 கோடிப் பேர், குடிக்கிறார்கள். இவர்களில் ஏறத்தாழ 5.7 கோடிப் பேரின் குடி, தீங்கு தரும் நிலையிலோ குடியைச் சார்ந்தே வாழும் நிலையிலோ இருக்கிறது. மீதி சுமார் 10 கோடிப் பேர் நான் சொல்லும் நடுக்கூட்டம். குடிக்கு அடிமையானவர்களிலேயே 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஓர் உதவி கிடைத்திருக்கிறது என்கிறது அதே அறிக்கை. அப்படியிருக்க, நடுவில் இருப்பவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? நாளைக்கு 5.7 கோடியில் போய்ச் சேரப்போகிறவர்கள் இந்தக் கூட்டத்திலிருந்துதான் வருவார்கள். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு. எவ்வளவு குடிக்கிறோம் என்பது குடிக்கிறவருக்கே தெரியாதிருப்பதுதான் குறைப்பதற்குப் பெரிய தடை. "ஒரு குவார்ட்டர்தான் அடிச்சேன்" என்பார்கள். டாஸ்மாக் கடையில் வழக்கமாகக் கிடைக்கும் பிராந்தி, ரம், விஸ்கி பாட்டில்களில் சிறியது இந்த 180 மில்லி குவார்ட்டர். அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 180 மில்லியில் சுத்த ஆல்கஹால் 77 மில்லி, எடைக் கணக்கில் சுமார் 61 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் 10 கிராம் ஆல்கஹாலை ஓர் அலகாக வைத்துக் கணக்கிடுகிறது. ஆக ஒரு குவார்ட்டர் என்பது ஆறு அலகு.

ஒரே அமர்வில் 60 கிராம் அல்லது அதற்கு மேல் குடிப்பதை அந்த நிறுவனம் மிகைக்குடி என்று வகைப்படுத்துகிறது. விபத்து, அடிதடி, மாரடைப்பு, கணையக் கோளாறு ஆகியவற்றின் ஆபத்து இந்தக் கோட்டைத் தாண்டும்போது செங்குத்தாக ஏறுகிறது. நம் ஊரில் விற்கும் சிறிய பாட்டில் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. குறைவாகக் குடிக்கிறோம் என்று நம்பி ஒரு குவார்ட்டரோடு எழுந்து போகிற மனிதர், மருத்துவக் கணக்கில் மிகைக்குடிக்காரர். இதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. பாட்டிலில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை குடி கேடு என்கிறது. உள்ளே எத்தனை அலகு இருக்கிறது என்று சொல்வதில்லை.

பீர் குடிப்பவர்களும் இதே மயக்கத்தில் இருக்கிறார்கள். "பீர்தானே" என்ற சொல்லில் பெரிய ஆறுதல் இருக்கிறது. 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் இருந்தால் அதில் 41 கிராம் ஆல்கஹால், நான்கு அலகு. இரண்டு பாட்டில் ஸ்ட்ராங் பீர் ஒரு குவார்ட்டரை விட அதிகம். 5 சதவீத பீர் என்றால் பாட்டிலுக்கு இரண்டரை அலகு. மாதம் முழுக்க ஒரே எண்ணிக்கையில் பீர் குடிக்கிறவர் ஸ்ட்ராங்கிலிருந்து லைட்டுக்கு மாறினாலே பாட்டில் குறையாமல் ஆல்கஹால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. சுமார் 70 கிலோ எடையுள்ள ஆணின் உடல் ஒரு குவார்ட்டரை முழுவதும் எரித்து முடிக்க எட்டு மணி நேரம் போல ஆகிறது. ஆஃப், அதாவது 375 மில்லி, என்றால் அதன் இரட்டிப்பு. மோர், எலுமிச்சை, குளியல், காபி எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. கல்லீரல் தன் போக்கில்தான் வேலை செய்யும். வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். இரவு பத்து மணிக்கு ஆஃப் முடித்துத் தூங்கி எழுந்து, தெளிந்துவிட்டதாக நம்பிக் காலை ஏழு மணிக்கு ஆட்டோவையோ லாரியையோ எடுக்கிறவர் அப்போதும் அந்த அளவைத் தாண்டியே இருப்பார். நண்பகல் வரைகூட இருக்கலாம். ஓட்டுநர்களிடம் அளவு பற்றிப் பேசும்போது கல்லீரலை விட இந்தக் கணக்கு நன்றாக எடுபடும் என்பது என் எண்ணம். லைசென்ஸ் பிழைப்பு அல்லவா.

சரி, எவ்வளவு குடித்தால் பாதுகாப்பு? பாதுகாப்பான அளவு என்று ஒன்றைச் சொல்ல முடியாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. மது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது 1988 முதலே அதன் புற்றுநோய் ஆய்வு முகமையின் முதல் வகைப் பட்டியலில் இருக்கிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் என்று பட்டியல் நீளும். இதயத்துக்குக் கொஞ்சம் நல்லது என்று ஒரு காலத்தில் பரவிய பேச்சை இன்று நம்பிக் குடிக்க இடமில்லை. ஆகவே குறைப்பதன் நோக்கம் ஆபத்தைக் குறைப்பது, அவ்வளவுதான். பிரிட்டன் 2016இல் திருத்திய வழிகாட்டுதல் வாரத்துக்கு 112 கிராமைத் தாண்ட வேண்டாம், அதையும் மூன்று நாளிலோ அதற்கு மேலோ பிரித்துக் குடியுங்கள் என்கிறது. அது இரண்டு குவார்ட்டரை விடக் குறைவு. கனடாவில் 2023இல் வெளிவந்த வழிகாட்டுதல், வாரத்துக்கு இரண்டு பானத்துக்குள் இருந்தால்தான் ஆபத்து குறைவு என்கிறது. நம் கணக்கில் அது வாரத்துக்கு அரைக் குவார்ட்டர்கூட இல்லை. கருவுற்ற பெண்களுக்கும், 21 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கும், கல்லீரல் கெட்டவர்களுக்கும் எந்த அளவும் கிடையாது. சர்க்கரை மாத்திரையோ தூக்க மாத்திரையோ எடுப்பவர் மருத்துவரிடம் கேட்காமல் தொடக்கூடாது.

இனி, குறைப்பது யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்ற கேள்வி. இதைத் தெளிவாகச் சொல்லாமல் வழிமுறைகளை அடுக்குவது ஆபத்து.

காலையில் கை நடுங்குகிறதா, ஒரு வாய் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறதா, குடிக்காத நாளில் வியர்வையும் படபடப்பும் தூக்கமின்மையும் வருகிறதா, முன்பு வலிப்பு வந்ததுண்டா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் உடல் குடியைச் சார்ந்து நிற்கிறது என்று பொருள். இவர் திடீரென்று தானாக நிறுத்தவும் கூடாது. கடைசியாகக் குடித்ததிலிருந்து ஆறு மணி நேரம் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்து மனம் பிறழ்ந்து, இல்லாதவை கண்ணில் தோன்றி, உயிருக்கே ஆபத்தாகும் நிலை வரலாம். மருத்துவமனையில் தயமின் ஊசியோடும் தகுந்த மாத்திரையோடும் ஒரு வாரத்தில் இதைக் கடந்துவிடலாம். வீட்டில் பூட்டி வைத்தால் கடப்பது நிச்சயமில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கால் ஒரே நாளில் கடைகள் மூடப்பட்டபோது இதை நாம் கண்ணால் கண்டோம். எந்த முன்னேற்பாடும் இல்லாமல் நிறுத்த நேர்ந்தவர்கள் நடுக்கத்தோடும் வலிப்போடும் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். வார்னிஷையும் ஷேவிங் லோஷனையும் குடித்துச் செத்தவர்கள் உண்டு. அதே நாட்களில், இதே தமிழ்நாட்டில், கடை இல்லாததால் சும்மா இருந்துவிட்டு, வீட்டில் பணம் மிஞ்சுவதையும் தூக்கம் சீராவதையும் பார்த்து வியந்தவர்களும் ஏராளம். ஒரே ஊரடங்கு இரண்டு விதமான குடிகாரர்களைப் பிரித்துக் காட்டியது. முதல் வகையினருக்கு மருத்துவமும் முழு நிறுத்தமும். இரண்டாம் வகையினருக்குத்தான் அளவு பற்றிய பேச்சு.

தான் எந்த வகை என்று தெரிந்துகொள்ள உலகச் சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்ற பத்துக் கேள்விப் பட்டியல் இருக்கிறது. எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஒரு நாளில் எவ்வளவு, தொடங்கினால் நிறுத்த முடியாமல் போனதுண்டா, குடித்த இரவு நடந்தது மறந்துபோனதா, யாருக்காவது காயம் ஆனதா, வீட்டாரோ மருத்துவரோ குறைக்கச் சொன்னார்களா என்று போகும். மொத்தம் 40 மதிப்பெண். 8ஐத் தொட்டாலே எச்சரிக்கை. 20ஐத் தொட்டால் குறைக்கும் முயற்சியைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பட்டியலை மனைவியோடு உட்கார்ந்து நிரப்பினால் விடை நேர்மையாக இருக்கும்.

அமெரிக்காவில் 1994இல் அளவாகக் குடிப்பதற்கென்றே ஓர் உதவிக்குழுவைத் தொடங்கியவர் ஆட்ரி கிஷ்லைன். ஆறு ஆண்டு கழித்து, தன்னால் அளவில் நிற்க முடியவில்லை என்று உணர்ந்து குழுவை விட்டு விலகி, முழுக்க நிறுத்துவோரின் அமைப்பில் சேர்ந்தார். அடுத்த சில வாரங்களில் கடும் போதையில் வண்டி ஓட்டி ஒரு தந்தையையும் மகளையும் கொன்றுவிட்டார். அளவுக்குடி என்ற கருத்தே பொய் என்றனர் ஒரு சாரார். முழு நிறுத்த வழியும் அவரைக் காப்பாற்றவில்லையே என்றனர் மறு சாரார். எனக்குத் தோன்றுவது வேறு. வழிகளில் எது சரி என்ற சண்டையில், அந்தப் பெண்ணின் குடி எந்த நிலையில் இருந்தது என்று நேரத்தில் அளந்து பார்க்க ஆள் இல்லாமல் போயிற்று. அளவுக்குடி சிலருக்கு வழி, சிலருக்குத் தன்னை ஏமாற்றிக்கொள்ளும் மறைவிடம். மூன்று மாதம் முயன்றும் தானே போட்ட அளவில் நிற்க முடியாதவருக்கு அது மறைவிடம்தான். அப்படித் தெரிய வந்தால் அது தோல்வி இல்லை, நோய் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

குறைக்கக் கூடியவர்கள் செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம். மன உறுதி வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். ஒருவர் எவ்வளவு குடிக்கிறார் என்பதை அவர் ஆசையை விட அதிகமாகத் தீர்மானிப்பவை பாட்டிலின் அளவு, கையில் இருக்கும் பணம், வயிற்றின் நிலை, கடை மூடும் நேரம், உடன் உட்காருபவர்கள். முதல் கிளாஸ் உள்ளே போனதும் உறுதி கரைய ஆரம்பித்துவிடும். ஆகவே மாற்ற வேண்டியதையெல்லாம் அந்த முதல் கிளாஸுக்கு முன்னால் மாற்ற வேண்டும்.

நம் ஊரில் கட்டிங் என்ற பழக்கம் உண்டு. காசு போதாத இருவர் ஒரு குவார்ட்டரைப் பங்கிட்டுக்கொள்வது. பணமில்லாமல் பிறந்த வழக்கம் என்றாலும் அளவைப் பாதியாக்கும் எளிய முறை அதுதான். ஆளுக்கு 90 மில்லி, மூன்று அலகு. குறைக்க நினைப்பவர் வசதி இருந்தாலும் கட்டிங்கோடு எழ முடிந்தால் பாதி வேலை முடிந்தது. சிக்கல், இரண்டாவது கட்டிங்கில் வருகிறது. முன்பெல்லாம் சட்டைப்பையில் இருக்கும் பணம் தீர்ந்தால் எழுந்தாக வேண்டும். இப்போது போனில் பணம் கட்டலாம், போன் கையில் இருக்கும்வரை பணம் தீராது. போனை வண்டியிலோ வீட்டிலோ வைத்துவிட்டு, எண்ணி எடுத்த நோட்டோடு மட்டும் போவதற்கு இன்று புது மதிப்பு வந்திருக்கிறது. கூலி கைக்கு வரும் நாளில், கடைக்கு முன்பாக வீட்டுக்குப் பணம் போய்ச் சேர ஏற்பாடு செய்வதும் இதே வகை. மனைவியின் வங்கிக் கணக்குக்கு முதலிலேயே அனுப்பிவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் அதை அவமானமாக எண்ணவில்லை.

வீட்டில் குடிக்கிறவர்கள் முழு பாட்டில் வாங்கி வைப்பது லாபம் என்று நினைப்பார்கள். கண்முன் இருக்கும் பாட்டில் தீரும்வரை அளவு ஏறும். அளவுக் கோப்பை இல்லாமல் கண் மட்டத்துக்கு ஊற்றினால் 30 மில்லி என்று நினைப்பது 50ஐத் தாண்டும். மருந்துக்கடையில் சிரப்போடு வரும் சிறிய அளவு மூடி போதும், தண்ணீர் ஊற்றிப் பழகிப் பார்க்கலாம்.

வயிறு பற்றி நம்மிடம் தலைகீழான வழக்கம் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஏறாது, காசு வீண் என்று வெறும் வயிற்றில் ஆரம்பிப்பார்கள். வேலை முடிந்து, மதியச் சாப்பாடு செரித்துப் போய், தாகமும் பசியுமாக இருக்கும் ஆறு ஏழு மணி. அந்த நேரத்தில் உள்ளே போகும் ஆல்கஹால் இரைப்பையில் நிற்காமல் சிறுகுடலுக்கு இறங்கி ரத்தத்தில் சட்டென்று ஏறுகிறது. பாதி வேட்கை உண்மையில் பசியாகவும் தாகமாகவும் இருக்கும். முதலில் ஒரு சொம்புத் தண்ணீர், பிறகு முழுச் சாப்பாடு, அதன்பின் வேண்டுமானால் குடி என்று வரிசையை மாற்றினால் பலருக்கு அளவு தானாகவே இறங்கும். குடிப்பதன் இடையிடையே தண்ணீர் குடிப்பதும், ராவாக அடிக்காமல் நிறைய நீர் சேர்ப்பதும் வேகத்தைக் குறைக்கும். ஊறுகாயும் மிக்சரும் தாகத்தைத்தான் கூட்டும்.

குடிக்காத நாட்களை முன்கூட்டியே தீர்மானிப்பது அடுத்தது. "குறைச்சுக்கிறேன்" என்ற சொல்லுக்கு உருவம் இல்லை. "திங்கள் முதல் வியாழன் வரை இல்லை" என்பதற்கு உருவம் உண்டு. காலண்டரில் குடித்த நாளையும் அளவையும் குறித்து வைத்தால் இரண்டு வாரத்தில் ஒரு வடிவம் தெரியவரும். சம்பள நாளா, மாமியார் வீட்டுச் சண்டையா, தனியாக இருக்கும் ஞாயிறா என்று. ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பப் பயன் தருவதாகக் காணப்பட்டது இந்தக் குறித்து வைக்கும் பழக்கம். எழுத முடியாதவர் தீக்குச்சியை ஒரு டப்பாவில் போட்டு வைத்தாலும் போதும். வேட்கை எழுந்தால் அது அரை மணி நேரத்துக்கு மேல் அதே உச்சத்தில் நிற்பதில்லை. அந்த அரை மணிக்கு என்ன செய்வது என்பதை முன்பே முடிவு செய்துவைக்க வேண்டும். கடையில்லாத தெரு வழியாக வீடு திரும்புவது, பிள்ளையை டியூஷனிலிருந்து அழைத்துவரும் வேலையை ஏற்றுக்கொள்வது, ஏழு மணிக்குக் குளிப்பது என்று அவரவருக்கு ஏற்றது.

எல்லாவற்றிலும் கடினமானது கூட்டாளிகளிடம் மறுப்பது. "மாப்ள, எனக்காக ஒண்ணே ஒண்ணு" என்ற வார்த்தைக்கு முன்னால் தீர்மானங்கள் நிற்பதில்லை. அந்தச் சொல்லில் இருப்பது அன்பு, அதனால்தான் மறுப்பது வலிக்கிறது. இந்த இடத்தில் நம் சமூகம் தனக்கென்று ஒரு வழி கண்டுவைத்திருக்கிறது. மாலை போட்டவரை யாரும் வற்புறுத்துவதில்லை. கார்த்திகையில் சபரிமலைக்கோ தை மாதம் பழனிக்கோ மாலை போட்டுக்கொண்டவர் அத்தனை நாள் குடிக்காமல் இருக்கிறார், அதே நண்பர்களோடு உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகிறார். தவக்காலத்தில் நிறுத்தும் கிறிஸ்தவர்களும், கோயிலில் சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொள்பவர்களும் அப்படியே. மறுக்கும் பொறுப்பு அந்த மனிதரின் தோளிலிருந்து மாலைக்கு மாறிவிடுகிறது.

பிரிட்டனில் 2013 முதல் ஜனவரி மாதம் முழுக்கக் குடிக்காமல் இருக்கும் இயக்கம் நடக்கிறது. அதில் கலந்துகொண்டவர்களைச் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தபோது, ஆகஸ்டிலும் அவர்கள் முன்பைவிடக் குறைவாகக் குடித்தது தெரிந்தது. மறுக்கும் பழக்கம் கைவந்துவிட்டதாக அவர்களே சொன்னார்கள். நம் மாலைக்கும் இந்தப் பலன் கிடைக்க வேண்டும். கிடைக்காமல் போவதற்குக் காரணம், மாலை கழற்றும் நாளை விருந்து நாளாக்குவதுதான். குருசாமிகளிடம் ஒரு வேண்டுகோள் வைக்கலாம்: மாலை கழற்றும்போது, இனி வாரத்துக்கு எத்தனை நாள் என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்குங்கள். அதோடு, காலையிலேயே கை நடுங்குகிறவர் மாலை கேட்டு வந்தால் முதலில் அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். விரதத்தின் மூன்றாம் நாள் வலிப்பு வந்து விழுந்தால் அதைத் தெய்வக்குற்றம் என்று ஊர் பேசும். அது உடல் காட்டும் எதிர்வினை.

குறைப்பவர் ஒருநாள் வழுக்குவார். அது நிச்சயம். வழுக்கியதை விட, "போச்சு, இனி என்ன" என்று அன்றே முழுதாகக் கைவிடுவதுதான் கெடுக்கிறது. இதை அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் விரிவாக எழுதியிருக்கிறார். மறுநாள் காலண்டரில் அதையும் குறித்துவிட்டு அடுத்த குடிக்காத நாளைத் தொடர்வதே செய்ய வேண்டியது.

ஒரு பெரிய விஷயத்தை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். உடம்பு வலிக்காகக் குடிப்பவர்களிடம் இந்த உபாயங்கள் பாதி தூரம்தான் போகும். மூட்டை தூக்குகிறவர், கொத்தனார், கல் உடைக்கிறவர் எல்லோரும் வலி மறந்து தூங்கவே குடிக்கிறார்கள். குடி தூக்கத்தைக் கொடுத்துப் பின்னிரவில் பறித்துவிடும். ஆனால் வலி உண்மை. அதற்கு மருத்துவமும் ஓய்வும் வேண்டும், அறிவுரை அல்ல. சாக்கடைக்குள் இறங்கும் தூய்மைப் பணியாளர் நாற்றம் தாங்கக் குடிக்கிறார். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் அந்த வேலையில் மனிதரை இறக்குவதை 2013இன் சட்டம் தடை செய்கிறது. அவரிடம் அளவு பேசும் தகுதி, அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்திய பிறகே நமக்கு வரும்.

வீட்டார் செய்வது பற்றி. "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறப்பார்" என்று விளம்பரம் செய்து விற்கும் பொடிகளைத் தயவுசெய்து வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் என்ற மாத்திரை இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்த வீழ்ச்சி எல்லாம் வரும். மாத்திரையை நிறுத்திப் பல நாள் கழித்துக் குடித்தாலும் வரலாம். தெரிந்து, ஒப்புக்கொண்டு, மருத்துவர் கண்காணிப்பில் எடுப்பவருக்கு அது காவல். தெரியாமல் கொடுத்தால் கொலையில் முடியலாம். வேட்கையையே மட்டுப்படுத்தும் நால்ட்ரெக்சோன், நிறுத்தியபின் நிலைத்து நிற்க உதவும் அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் உள்ளன. நம் மருத்துவமனைகளில் இவை கிடைக்கின்றன, கேட்பவர்தான் இல்லை.

அழுது, திட்டி, ஒளித்து வைத்து அலுத்துப்போன மனைவிமாருக்கு வேறு வழி ஒன்று நிரூபிக்கப்பட்டிருக்கிறது. குடித்த நேரத்தில் வாக்குவாதம் செய்யாமலிருப்பது, குடிக்காத மாலையைச் சேர்ந்து இனிமையாகக் கழிப்பது, குடியின் விளைவுகளை மூடி மறைக்காமல் விடுவது, அவரே வருந்தும் காலை வேளையில் சிகிச்சைப் பேச்சை எடுப்பது என்று குடும்பத்தாருக்குப் பயிற்சி தரும் முறை அது. அமெரிக்காவில் 1999இல் வெளிவந்த ஆய்வில், இப்பயிற்சி பெற்ற குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இருவர் தங்கள் ஆளைச் சிகிச்சைக்கு வரவழைத்துவிட்டனர். அடி உதை இருக்கும் வீட்டில் முதல் வேலை பெண்ணின் பாதுகாப்பு, இந்தப் பொறுமையெல்லாம் அங்கே பொருந்தாது. சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தபின் 1980இல் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, நோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்தே சிகிச்சைக்குள் கொண்டுவந்தது. கிராமத்துக்கே போய் முகாம் நடத்தியது. தமிழ்நாட்டுக்கு அது கற்றுத்தந்த பாடம் பெரிது.

மருத்துவர்கள் போதாது என்பது உண்மை. அதற்கும் நம் நாட்டிலேயே ஒரு விடை கிடைத்திருக்கிறது. கோவாவில் சங்கத் என்ற அமைப்பு, மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் தீங்கான அளவில் குடிக்கும் ஆண்களிடம் பேச வைத்தது. அதிகம் போனால் நான்கு அமர்வுகள். உபதேசம் கிடையாது. உன் குடி உனக்கு என்ன செய்கிறது, எதை மாற்ற விரும்புகிறாய், மறுப்பதை எப்படிப் பழகலாம் என்ற பேச்சு. லான்செட் இதழில் வந்த முடிவுப்படி மூன்று மாதத்தில் தீங்கான நிலையிலிருந்து மீண்டவர்கள் 36 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அந்த இடைவெளி இன்னும் விரிந்திருந்தது, 54க்கு 32.

அரசின் பங்குக்கு வருகிறேன். சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். ஆண்டு வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகள் மூடப்பட்டன, காலை பத்து மணிக்குத் திறந்த கடை நண்பகலுக்குத் தள்ளிப்போனது. இவை நல்லவை, குறிப்பாக நேரக் குறைப்பு, ஏனென்றால் காலையில் குடிப்பது அடிமை நிலைக்கான நேர்வழி. முழு மதுவிலக்கு வேண்டும் என்பவர்களின் வேதனையை நான் மதிக்கிறேன். ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதைப் பார்த்தபின், கடையைக் குறைக்கும் வேகத்தோடு கள்ளச்சாராயத்தைத் தடுக்கும் வேகமும் சிகிச்சை வசதியும் கூடவே ஓட வேண்டும் என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்காட்லாந்து 2018இல் அலகுக்கு இவ்வளவுக்குக் கீழே விற்கக்கூடாது என்று விலைத்தரை போட்டது. குடியால் நேரும் சாவுகள் 13 சதவீதம் போலக் குறைந்ததாக மதிப்பிடப்பட்டது. நம் விலையை அரசே நிர்ணயிக்கிறது. பாட்டிலுக்கு விலை வைப்பதற்குப் பதில் ஆல்கஹால் கிராமுக்கு விலை வைத்தால், ஸ்ட்ராங் பீரும் மலிவான பிராந்தியும் லைட் பீரை விடக் கட்டாயம் விலை ஏறும்.

ஆஸ்திரேலியாவில் 1995 முதல் ஒவ்வொரு பாட்டிலிலும் எத்தனை அலகு என்று அச்சிட்டாக வேண்டும். விற்பவரும் அரசு, கட்டளையிடுபவரும் அரசு என்னும் தமிழ்நாட்டில் இதைச் செய்வது இன்னும் எளிது: குவார்ட்டர் பாட்டிலில் "6 அலகு" என்று பெரிய எழுத்தில். 90 மில்லி பெட்டி கொண்டுவரலாமா என்று 2023இல் ஒரு பேச்சு எழுந்து எதிர்ப்பில் அடங்கியது. கையில் காசில்லாதவரையும் பள்ளிப் பையனையும் அது உள்ளே இழுக்கும் என்ற அச்சம் நியாயமானது. விலையை விகிதத்துக்கு மேலே வைத்தால் தவிர அதை நான் ஆதரிக்க மாட்டேன்.

2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீடுவீடாகப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அந்த வீடுகளில் அவர்கள் மீது நம்பிக்கை இருக்கிறது. ஆடிட் பட்டியலின் முதல் மூன்று கேள்விகளை மட்டும் அவர்கள் கேட்கலாம்: எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஒரு நாளில் எவ்வளவு, ஒரு குவார்ட்டரோ அதற்கு மேலோ எத்தனை முறை. மதிப்பெண் நடுவில் நிற்பவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கோவா முறையில் நான்கு அமர்வு. மேலே போனவருக்கு, அரசு மருத்துவமனைகளில் 2025இல் தொடங்கப்பட்ட கலங்கரை போதை மீட்பு மையத்துக்கு ஒரு சீட்டு, அல்லது போதை மீட்பு உதவிக்கான 14446 என்ற இலவச எண். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், புதுச் சட்டமும் வேண்டாம். அந்தப் பணியாளர்களுக்குச் சில நாள் பயிற்சியும், கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியமும் தேவை. டாஸ்மாக் வருவாயில் நூற்றில் ஒரு பங்கை ஒதுக்கினாலே ஆண்டுக்கு 450 கோடி ரூபாய் கிடைக்கும்.